மோட்டார் சைக்கிளில் எண்ணெய் போதுமா? சரியாகப் பார்ப்பது எப்படி?

நம் நாட்டில் 16 வயது நிறைந்தவர்கள் பி2 உரிமம் எடுக்கலாம். கெடாவின் தோட்டப்புறங்களிலும் அவற்றை ஒட்டிய சிறு நகரங்களிலும் வளரும் நம்மில் பலருக்கு மோட்டார் சைக்கிள் பொழுதுபோக்குக்கான வாகனம் இல்லை. அப்பா அதிகாலையில் பால்மரம் சீவப் போவதும் அதில்தான். அண்ணன் பாடாங் செராயிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்கு மாலை ஷிப்டுக்குப் போவதும் அதில்தான். தங்கையை டியூஷனில் கொண்டு போய் விடுவதும் அதில்தான். வீட்டில் இருக்கும் ஒரே மோட்டார் நின்றுவிட்டால் மூன்று பேரின் நாள் கெட்டுப்போகிறது.

மோட்டார் நின்றுபோகப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மிகக் குறைந்த செலவில் தடுக்கக்கூடியது, பட்டறைகளில் 'மினியாக் ஹீத்தாம்' என்று கேட்டு வாங்கும் என்ஜின் எண்ணெய் குறைந்து போவது. பெட்ரோல் தீர்ந்தால் முள் இறங்கிக் காட்டும். ஆனால் நம் ஊர்களில் அதிகம் ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற சிறிய மோட்டார்களில், என்ஜின் எண்ணெய் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கே கிடையாது. நாமாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் தாமானில் ஓர் அண்ணனின் மோட்டார் வேலைக்குப் போகும் வழியில் திடீரென்று நின்றது. பட்டறையில் எண்ணெயை வடித்தபோது ஒரு கோப்பை அளவுகூட வரவில்லை. பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு இறுகிக்கொண்டது. பட்டறைக்காரர்கள் இதை 'என்ஜின் ஜேம்' என்பார்கள். ஒரு போத்தல் எண்ணெய்க்குச் சில பத்து வெள்ளி போதும். என்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யப் பல நூறு வெள்ளி ஆகும்.

ஒரு லிட்டருக்குள் இத்தனை வேலை

கார் என்ஜினில் பொதுவாக 3 முதல் 4 லிட்டர் எண்ணெய் இருக்கும். 100, 110 சிசி மோட்டார் சைக்கிளில் இருப்பது ஏறக்குறைய 1 லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. காரில் 300 மில்லி குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் போகும். மோட்டாரில் அதே 300 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அந்தக் கொஞ்ச எண்ணெய்க்கு வேலையும் அதிகம். காரில் கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. ஜப்பானில் 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வழியில் உருவான இஎக்ஸ்5 ஆகட்டும், நம் மாநிலத்தின் குருணில் உள்ள மொடெனாஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட கிரிஸ் ஆகட்டும், என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் நனைகின்றன. உராய்வைக் குறைப்பது, சூட்டைக் கடத்துவது, கரியையும் உலோகத் துகளையும் சுமப்பது எல்லாம் அதே எண்ணெயின் பொறுப்பு.

ஒரே எண்ணெய், மூன்று அளவு

"நான் பார்த்தேன், எண்ணெய் இருந்தது" என்று பலர் சொல்வார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் கேட்க வேண்டும். இஎக்ஸ்5-இல் எண்ணெய் ஊற்றும் மூடி வலப்பக்கம் இருக்கிறது. அந்த மூடியோடு சேர்ந்த சிறு குச்சிதான் அளவுக்குச்சி. அதில் மேல் கோடு, கீழ்க் கோடு என இரண்டு கோடுகள் உண்டு.

பக்க ஸ்டாண்டில் நிறுத்தினால் மோட்டார் இடப்பக்கம் சாயும். எண்ணெயும் அந்தப் பக்கம் ஒதுங்கும். வலப்பக்கக் குச்சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் எண்ணெய் அதிகமாகிவிடும்.

குச்சியைத் திருகி முழுவதுமாக இறக்கிவிட்டுப் பார்த்தால், அது ஆழமாக மூழ்கி, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். குறைவாக இருக்கும் எண்ணெய் போதுமானதுபோல் தோன்றும்.

ஓட்டி வந்து நிறுத்திய உடனே பார்த்தாலும் தவறுதான். மேலே ஏறிய எண்ணெய் இன்னும் அடிக்கு இறங்கியிருக்காது; குச்சி குறைவாகவே காட்டும்.

சரியான முறை இதுதான். சமமான சிமெண்டுத் தரையில் நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். நடு ஸ்டாண்டு இல்லையென்றால் ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். என்ஜினை 3 முதல் 5 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். 2, 3 நிமிடம் காத்திருங்கள். குச்சியை எடுத்துச் சுத்தமான துணியால் துடையுங்கள். மீண்டும் உள்ளே வையுங்கள், திருக வேண்டாம். வெளியே எடுத்து, எண்ணெய் எந்த இடம்வரை படிந்திருக்கிறது என்று பாருங்கள். இரு கோடுகளுக்கும் இடையில், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நிம்மதி. சில மோட்டார்களில் குச்சிக்குப் பதில் பக்கவாட்டில் கண்ணாடி இருக்கும். சில மாடல்களில் முறையும் சற்று மாறும். உங்கள் மோட்டாரின் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

குறைந்திருந்தால் மொத்தமாகக் கவிழ்க்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் போகாமல் கொஞ்சம் ஊற்றி, மறுபடி பாருங்கள். கூடுதல் எண்ணெய் நல்லதுதானே என்று நினைப்பது தவறு. அளவு மீறினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் உலோகத்தைக் காக்க முடியாது. அழுத்தம் ஏறி சீல்களிலும் கசிவு வரலாம்.

எந்த எண்ணெய்?

வீட்டில் காருக்கு வாங்கிய எண்ணெய் மீந்திருக்கிறது என்று மோட்டாருக்கு ஊற்றாதீர்கள். சில கார் எண்ணெய்களில் வழுக்கலைக் கூட்டும் பொருள்கள் கலந்திருக்கும். எண்ணெயில் நனையும் கிளட்ச் அதனால் நழுவும். என்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. போத்தலில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்பி' என்பது பெரும்பாலும் ஸ்கூட்டர்களுக்கானது. 10W-30, 20W-40 போன்ற எண்கள் எண்ணெயின் தடிமனைக் குறிப்பவை. கையேடு சொல்வதையே வாங்குங்கள்.

எண்ணெய் கறுத்துவிட்டாலே கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கரியைத் தன்னுள் சுமப்பதால் அது கறுக்கிறது. ஆனால் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வெள்ளத்தில் இறங்கிய மோட்டாரில் இதைக் கட்டாயம் பாருங்கள். அப்படி இருந்தால் ஓட்டாமல் பட்டறைக்குத் தள்ளிச் செல்லுங்கள். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. அப்படிப்பட்ட மோட்டாரில் வாரம் ஒருமுறையாவது அளவு பார்க்க வேண்டும்.

மீட்டர் ஓடாத மோட்டாருக்கு

இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள் என்று கையேடு சொல்லும். தோட்டங்களில் ஓடும் பழைய மோட்டார்கள் பலவற்றில் மீட்டரே ஓடாது. அதற்கும் வழி உண்டு. நாளுக்குப் போகவர 40 கிலோமீட்டர், வாரத்தில் 5 நாள் என்றால் மாதத்துக்கு 800 கிலோமீட்டர்; மூன்று மாதத்தில் 2,400. இப்படிக் கணக்கிட்டு, எண்ணெய் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். செம்பனைக் காட்டு மண்பாதையில் பாரம் ஏற்றிக்கொண்டு சின்ன கியரில் ஊர்ந்து போகும் மோட்டாருக்கு, தூரம் குறைவாக இருந்தாலும் என்ஜினுக்கு வேலை அதிகம். அதற்குச் சற்று முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது.

வீட்டிலேயே மாற்றுபவர்கள் பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றக்கூடாது. பயன்படுத்திய மசகு எண்ணெயைச் சுற்றுச்சூழல் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிட்டுள்ளன. தோட்டத்துக் கால்வாய் ஆற்றில்தான் போய்ச் சேரும். போத்தலில் அடைத்துப் பட்டறையில் கொடுங்கள். பழைய எண்ணெயைச் சேர்த்து வைத்து அனுப்பும் பட்டறைகள் உண்டு.

இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று தங்கைகள் ஒதுங்க வேண்டியதில்லை. தேவைப்படுவது ஒரு துணி, சமமான தரை, பத்து நிமிடப் பொறுமை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால், திங்கட்கிழமை காலை அப்பா அதை எடுப்பதற்குள் எண்ணெயை நிரப்பிவிடுங்கள்.