சிறிய இரட்டையுடல் படகில் பாய்மரம் நிறுத்துதல்

பாய்மரம் நிறுத்துதல் என்பது, படகின் மீது கிடத்தி வைக்கப்பட்டிருக்கும் பாய்மரத்தைச் செங்குத்தாக உயர்த்தி, கம்பிகளால் இழுத்துக் கட்டி நிலைப்படுத்தும் வேலை ஆகும். கரையில் வைத்துப் பராமரிக்கப்படும் அல்லது வண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்லப்படும் சிறிய இரட்டையுடல் படகுகளில் (கேட்டமரான்) இந்த வேலை அடிக்கடி செய்யப்படுகிறது. இதற்குப் பெரும் உடல்வலிமை தேவையில்லை. ஆனால் நெம்புகோல் தத்துவத்தை அறியாமலும் சுற்றுப்புறத்தைப் பார்க்காமலும் செய்தால், பாய்மரம் பக்கவாட்டில் சரிந்து விழலாம். மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டால் உயிரிழப்பும் நேரலாம்.

சொல்லும் படகும்

கேட்டமரான் என்ற ஆங்கிலச் சொல் தமிழின் 'கட்டுமரம்' என்பதிலிருந்து வந்தது. கடற்பயணி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கடற்கரையின் மிதவைகளைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினார். எனினும் மீனவர்களின் கட்டுமரம், மரத்துண்டுகளை அருகருகே வைத்துக் கயிற்றால் கட்டிய மிதவையாகும். இன்று உலகெங்கும் கேட்டமரான் எனப்படுவது, இடைவெளி விட்டு இணைக்கப்பட்ட இரண்டு உடல்களைக் கொண்ட படகு. அவ்வடிவம் பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிகளோடு நெருங்கியது.

சிறிய இரட்டையுடல் படகுகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது ஹோபி 16 ஆகும். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோபி ஆல்ட்டர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை உருவாக்கினார். கடற்கரை மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ளிச் செல்லத்தக்க படகு இது. இதன் நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை ஏறத்தாழ 145 கிலோ. ஆனால் பாய்மரத்தின் உயரமோ சுமார் 8 மீட்டர். படகின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு நீண்ட அலுமினியக் குழலை, நிற்க இடம் குறைந்த ஒரு தளத்திலிருந்து தூக்க வேண்டியிருப்பதே இவ்வேலையின் சிக்கல்.

உறுப்புகள்

இரண்டு உடல்களையும் இணைக்கும் முன் குறுக்குச்சட்டத்தின் நடுவில் பாய்மரத்தின் அடி அமரும் பீடம் உள்ளது. பல படகுகளில் தூக்கும்போது அடிப்பகுதி நழுவாமல் இருக்கப் பீடத்தில் கீல் ஒன்று அமைந்திருக்கும். பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து மூன்று கம்பிகள் இறங்குகின்றன. இரண்டு பக்கக்கம்பிகள் பீடத்துக்குச் சற்றுப் பின்னால், வலப்புற இடப்புற உடல்களில் பூட்டப்படுகின்றன. முன்கம்பி, இரு அணியங்களிலிருந்தும் வந்து நடுவில் கூடும் கவைக்கம்பியோடு இணைக்கப்படுகிறது. உடல்களுக்கு இடையே இழுத்துக் கட்டப்பட்ட துணித்தளம் டிராம்போலின் எனப்படும். தூக்குபவர் நிற்பது இதன் மேல்தான்.

விசைக் கணக்கு

எடுத்துக்காட்டாக 8 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் உள்ள பாய்மரத்தைக் கொள்ளலாம். அதன் எடை முழுவதும் நடுப்புள்ளியில், அதாவது கீலிலிருந்து 4 மீட்டர் தொலைவில் செயல்படுவதாகக் கருதலாம். டிராம்போலினில் நிற்பவரால் தொடக்கத்தில் கீலிலிருந்து சுமார் 2 மீட்டர் தொலைவில்தான் மரத்தைப் பிடிக்க முடியும். எனவே அவர் 20 கிலோவைத் தூக்கவில்லை. 40 கிலோவைத் தூக்குகிறார். அதுவும் குனிந்த நிலையில். முதுகுப் பிடிப்பு ஏற்படுவது பெரும்பாலும் இந்த முதல் கட்டத்தில்தான்.

அதே மரத்தின் நுனியைத் தரையில் நிற்கும் ஒருவர் தூக்கினால் அவருக்குத் தேவைப்படுவது 10 கிலோ விசை மட்டுமே. தொடக்கத்தில் நுனிப்பக்கம் ஓர் ஆள் இருப்பது எவ்வளவு உதவி என்பதை இது காட்டுகிறது.

மரம் நிமிர நிமிரப் பளு குறைகிறது. 45 பாகைச் சாய்வில், 2 மீட்டர் தொலைவில் தோளில் தாங்குபவருக்கு 28 கிலோ விசை போதும். அதன்பின் கைகளைத் தலைக்கு மேலே சுமார் 2 மீட்டர் உயரத்தில் வைத்துத் தள்ளியவாறு முன்னே நடந்தால், 60 பாகையில் 17 கிலோவும் 75 பாகையில் 10 கிலோவும் தேவைப்படும். கடைசிக் கட்டத்தில் பளு இல்லை. அங்கே சமநிலைதான் சிக்கல்.

முன்னேற்பாடு

மரத்தில் கை வைக்கும் முன் அண்ணாந்து பார்ப்பதே முதல் வேலை. பாய்மரம் நிற்கப்போகும் இடம் மட்டுமின்றி, அது எப்பக்கம் விழுந்தாலும் எட்டக்கூடிய பரப்பும், பின்னர் படகைத் தண்ணீருக்கு நகர்த்தும் வழியும் மின்கம்பிகள் இன்றி இருக்க வேண்டும்.

படகு வண்டியின் மீது இருந்தால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை வாகனத்தோடு பூட்டிய நிலையிலேயே வைக்க வேண்டும். கழற்றிய வண்டியில் ஒருவர் டிராம்போலினின் பின்கோடிக்குச் சென்றால், வண்டியின் முன்பக்கம் மேலெழும்பிப் படகே சாயக்கூடும். படகை வண்டியோடு சேர்த்துக் கட்டுவதும் தேவை.

பாய்மரத்தை அதன் நுனி பின்பக்கம் நீட்டியிருக்குமாறும், பாய் நுழையும் பள்ளம் கீழ்நோக்கி இருக்குமாறும் கிடத்த வேண்டும். பக்கக்கம்பிகளை முதலிலேயே இரு உடல்களிலும் பூட்டி, அவை எதிலும் சிக்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பாயேற்றும் கயிறுகளை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பாதி உயரத்தில் ஒரு கம்பி எங்காவது மாட்டிக்கொண்டால், தூக்குபவரால் மரத்தை விட்டுவிட்டுச் சென்று அதை விடுவிக்க முடியாது. பக்கவாட்டுக் காற்றே மிகவும் ஆபத்தானது என்பதால், காற்று படகின் நீளவாக்கில் வீசுமாறு படகைத் திருப்பிக்கொள்வது நல்லது.

இருவர் முறை

மிக எளிய முறை இது. ஒருவர் தரையில் பின்பக்கம் நின்று நுனியைத் தலைக்கு மேல் உயர்த்துகிறார். மற்றவர் டிராம்போலினில் முழங்கால்களை மடக்கி, முதுகை நேராக வைத்து, மரத்தைத் தோளுக்கு ஏற்றுகிறார். மரம் தோளுக்கு வந்ததும் தரையில் இருப்பவர் படகின் முன்பக்கம் சென்று, முன்கம்பியையோ அதனோடு கட்டிய கயிற்றையோ மெல்ல இழுக்கிறார். மேலே இருப்பவர் பீடத்தை நோக்கிச் சிறு அடிகளாக நடந்து மரத்தை நிமிர்த்துகிறார். பக்கக்கம்பிகள் இரண்டும் இறுகியதும் மரம் நிற்கும். முன்கம்பியைக் கவைக்கம்பியோடு இணைத்து, குறுக்காணியைச் செருகி, பூட்டுவளையம் மாட்டும்வரை மேலே இருப்பவர் மரத்திலிருந்து கையை எடுக்கக் கூடாது.

ஏன் பக்கவாட்டில் விழுகிறது

பக்கக்கம்பிகள் பூட்டப்பட்டுள்ளதால் மரம் பக்கவாட்டில் சரியாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கம்பிகளின் கீழ்முனைகள் கீலுக்குப் பின்னால் இருப்பதால், மரம் பின்பக்கம் சாய்ந்திருக்கும்போது அவை தொய்ந்தே கிடக்கும். மரம் ஏறக்குறைய நிமிர்ந்த பின்னரே இறுகும். இடைப்பட்ட நேரத்தில் மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது தூக்குபவரின் கைகள் மட்டுமே.

இதற்குத் தீர்வு தற்காலிகப் பக்கக் கட்டுகள். இவற்றின் கீழ்முனைகள் கீலின் அச்சுக்கு நேர்கோட்டில், அதே உயரத்தில் இருபுறமும் அமைய வேண்டும். அப்போது மரம் எந்தச் சாய்வில் இருந்தாலும் கட்டுகளின் நீளம் மாறாது. தொடக்கம் முதல் முடிவுவரை அவை இறுக்கமாகவே இருக்கும். கனமான பாய்மரம் கொண்ட படகுகளுக்கும், தனியாக வேலை செய்பவர்களுக்கும் இவை இன்றியமையாதவை.

தனி ஆள் முறை: துணைக்கம்பம்

முன்கம்பியைக் கயிற்றால் முன்னிருந்து இழுத்தே மரத்தை எழுப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மரம் படுத்திருக்கும்போது அந்தக் கயிறு கீலுக்கு மிக அருகில் செல்வதால், எவ்வளவு இழுத்தாலும் மரம் எழாது, கீல்தான் நெரிபடும். எனவே கயிற்றை உயர்த்திப் பிடிக்க ஒரு துணைக்கம்பம் பயன்படுகிறது.

சுமார் 2 மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் அடி, பாய்மரத்தின் அடியை ஒட்டி, மரத்துக்குச் செங்குத்தாக நிறுத்தப்படுகிறது. அதன் தலையிலிருந்து ஒரு கயிறு பாய்மரத்தின் மேற்பகுதிக்கும், ஒரு கப்பித்தொகுதி முன்பக்கத்துக்கும் செல்கின்றன. மேற்கண்ட 20 கிலோ மரத்துக்கு, முன் கட்டுமுனை பீடத்திலிருந்து 2 மீட்டர் தொலைவில் இருந்தால், தொடக்கத்தில் கப்பித்தொகுதியில் சுமார் 57 கிலோ இழுவிசை வேண்டும். நான்குமடங்கு கப்பித்தொகுதியில் கையால் இழுக்க வேண்டியது ஏறத்தாழ 14 கிலோவும் உராய்வுக்கு ஈடான சற்று மிகுதியும் மட்டுமே. கம்பம் முன்னே சாயச்சாயப் பாய்மரம் நிமிர்கிறது. கம்பமும் பக்கவாட்டில் விழாதிருக்க அதற்கும் இருபுறக் கட்டுகள் தேவை. வண்டியில் உள்ள கைவின்ச்சின் கயிற்றை உயரமான தாங்கி ஒன்றின் மேலாகச் செலுத்தி இழுப்பதும் இதே தத்துவத்தில்தான்.

நிறுத்திய பின்

குறுக்காணிகள், பூட்டுவளையங்கள் யாவற்றையும் ஒருமுறை கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். பாய்மரம் சுழலும் வகைப் படகுகள் சிலவற்றில் தூக்குவதற்காகச் செருகிய கீல் ஆணியைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் மரம் சுழலாது, பீடமும் சேதமாகும்.

இறக்கும் வேலை இதன் தலைகீழ் வரிசை. முன்கம்பியைக் கழற்றும் கணத்தில் மரத்தை ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அல்லது கயிறு ஒன்று தாங்கியிருக்க வேண்டும். நாள் முழுதும் பாயோட்டிய களைப்பில் இது மறக்கப்பட்டால் மரம் தானாகவே பின்னால் சாய்ந்துவிடும்.

மின்கம்பி ஆபத்து

அலுமினியப் பாய்மரமும் எஃகுக் கம்பிகளும் மின்சாரத்தை நன்கு கடத்துபவை. அமெரிக்காவில் சிறிய இரட்டையுடல் படகுகளின் பாய்மரங்கள் மின்கம்பியில் பட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததை அடுத்து, 1980களில் ஹோபி 16 படகின் பாய்மர மேற்பகுதி மின்கடத்தாத கண்ணாடியிழையால் செய்யப்படலாயிற்று. இது ஆபத்தைக் குறைக்கிறதே அன்றி நீக்குவதில்லை. மரத்தின் கீழ்ப்பகுதியும் கம்பிகளும் உலோகமாகவே உள்ளன. ஈரமோ உப்போ படிந்த கண்ணாடியிழையும் பாதுகாப்பானதன்று.

மரம் மின்கம்பியைத் தொட்டுவிட்டால், தரையில் இருப்பவர் எவரும் படகையோ வண்டியையோ தொடக் கூடாது. படகின் மேல் இருப்பவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி இறங்கினால் மின்சாரம் அவர் உடல் வழியே பாயும். மின்சார வாரியத்துக்கோ மின் நிறுவனத்துக்கோ தகவல் தந்து மின்சாரம் துண்டிக்கப்படும்வரை அசையாமல் இருப்பதே பாதுகாப்பு. தீப்பிடித்தல் போன்ற காரணத்தால் இறங்கியே தீர வேண்டுமானால், படகைத் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துத் தரையில் குதித்து, பாதங்களைச் சேர்த்தவாறே சிறு அடிகளாக விலகிச் செல்ல வேண்டும்.