குன்று, சேறு, ஆறு: கோலசிலாங்கூரில் ஒரு நாள்

பள்ளி விடுமுறை வந்ததும் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கிறது கோலசிலாங்கூர். அங்கே ஒரு குன்று, ஒரு சதுப்புநிலக் காடு, ஓர் ஆறு. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சேற்றில் நடக்கும் மீன்

புறப்படும் முன் நீரேற்ற அட்டவணையைப் பாருங்கள். மலாக்கா நீரிணைக் கரையில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நீர் வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றிய நேரத்தில் போனால்தான் சேற்று உயிர்களைக் காண முடியும்.

மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்று அழைக்கும் சேற்றுமீனை அங்கே எளிதாகப் பார்க்கலாம். முன் துடுப்புகளை ஊன்றி அது சேற்றில் நடக்கும். செவுள் அறைக்குள் தண்ணீரை அடக்கி வைத்துக்கொள்ளும். ஈரமான தோல் வழியாகவும் வாயின் உட்புறத் தோல் வழியாகவும் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பெறும். "ஏன் அடிக்கடி புரளுகிறது?" என்று என் மகள் கேட்டாள். தோல் காய்ந்தால் அதனால் மூச்சுவிட முடியாது. அதற்காகவே அந்தப் புரளல்.

ஆரஞ்சு நிறக் குட்டி

புக்கிட் மெலாவாத்தி குன்றில் 1907ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைச் சுற்றித் திரிபவை லோத்தோங் எனப்படும் வெள்ளி நிறக் குரங்குகள். பெரியவை சாம்பல் நிறம். பிறந்த குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும். தாய் மட்டுமல்லாமல் கூட்டத்தின் மற்றப் பெண் குரங்குகளும் குட்டியைத் தூக்கி வளர்க்கும்.

லோத்தோங் இலை தின்னும் விலங்கு. மாட்டைப் போலவே அதன் இரைப்பையும் பல அறைகள் கொண்டது. அங்குள்ள நுண்ணுயிர்கள் இலையின் நாரைப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. ரொட்டியும் கடலையும் அந்த ஏற்பாட்டைக் குலைக்கும். அன்பாகக் கொடுத்தாலும் அவை அதற்கு உணவல்ல. படம் எடுத்துக்கொள்ளுங்கள், தீனி போடாதீர்கள்.

இருட்டில் எரியும் மரங்கள்

இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் படகு ஏறலாம். நிலவு இல்லாத இரவு சிறந்தது. சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் அணைந்து எரிவதைக் காண்பீர்கள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவுதான். அதன் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனுடன் சேர்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதி அதைத் தூண்டுகிறது. மின்விளக்கைப் போல அது சுடுவதில்லை.

அந்த ஒளி ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் மொழி. கேமரா ஃபிளாஷும் கரையோர விளக்குகளும் அந்தப் பேச்சைக் குறுக்கிடுகின்றன. துணை கிடைக்காவிட்டால் முட்டையும் இல்லை, அடுத்த தலைமுறையும் இல்லை.

மரத்தை மட்டும் விட்டால் போதுமா?

மின்மினி வளர்வது மரத்தில் அல்ல. அதன் புழு ஆற்றங்கரையின் ஈர மண்ணில், புதர்களுக்கும் நிப்பா மரங்களுக்கும் கீழே சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையில் ஒரு வரிசைப் பெரெம்பாங் மரங்களை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள நிலத்தைத் துப்புரவாக்கினால், மேடை இருக்கும், ஆட வருவோர் இருக்க மாட்டார்கள். அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த மின்மினியை ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

இந்தக் கரைக்கும் நம் சாப்பாட்டு மேசைக்கும்கூடத் தொடர்பு உண்டு. பத்துமலைக் குகைகளில் வாழும் தேன் வௌவால்கள் இரவில் பல கிலோமீட்டர் பறந்து, பெரெம்பாங் இனத்தைச் சேர்ந்த கடலோர மரங்களின் பூந்தேனைக் குடிக்கின்றன. டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் இதே வௌவால்தான். டுரியான் பூப்பது சில வாரங்கள் மட்டுமே. மற்ற நாள்களில் வௌவாலுக்குப் பசியாற்றுவது இந்தக் கரையோர மரங்கள். அவை குறைந்தால் டுரியான் தோட்டக்காரருக்கும் நட்டம்.

அடுத்த விடுமுறைக்குப் போகும்போது கொசு மருந்து, குடிநீர், ஒரு தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறியதும் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அதன்பின் பிள்ளைகளே எண்ணத் தொடங்குவார்கள்.