வடநெம்மேலி விஷம் சேர்வராயன் மலைக்குப் போதுமா?

சேர்வராயன் மலைச்சரிவில் கண்ணாடி விரியனிடம் கடிபட்ட ஒருவரைக் கொண்டை ஊசி வளைவுகள் வழியே சேலம் அரசு மருத்துவமனைக்கு இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருக்கு ஏற்றப்படும் மருந்தின் பூர்வீகம் பெரும்பாலும் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலிதான். அங்கே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து விஷம் எடுக்கிறது. மருந்து நிறுவனங்கள் அதைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து மருந்தாக்குகின்றன. நாட்டின் பெரும்பகுதிக்கு இதுவே கதி. ஆனால் ஒரே இனப் பாம்புக்கு ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது.

இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போவதோடு இமைகளும் சரிகின்றன. இந்தியாவின் பல பகுதிகளில் இமை சரிவது அபூர்வம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு 34 இடங்களில் பிடித்த 115 கண்ணாடி விரியன்களின் விஷத்தைச் சோதித்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டது. வறண்ட பகுதிப் பாம்புகளின் விஷத்தில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளின் வேகம் அதிகம். மழையும் வெப்பமும் மாற மாற விஷமும் மாறுகிறது. சேலம் சமவெளி வறண்டது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடோ குளிரும் மழையும் கொண்டது. இரண்டிலும் விஷம் ஒன்றே என்று சோதிக்காமலே நம்புவதற்கு ஆதாரம் என்ன? மலை தனித்து நிற்பதால் உயிர்கள் வேறாவது இங்கே புதிதுமல்ல. நாகப்பாம்பு விஷத்துக்கு மாற்று தேடிய 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஜான் ஷார்ட்டின் பெயரைத் தாங்கிய கேடயவால் பாம்பு சேர்வராயன் மலைக்கே உரியது. (அது விஷமற்றது, பார்த்த இடத்தில் அடிக்க வேண்டாம்.)

இருக்கும் மருந்து உயிர் காக்கவில்லையா என்று கேட்பார்கள். காக்கிறது, தமிழ்நாட்டில் அதை விட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் ராஜஸ்தான் பாலைவனத்து நல்ல பாம்பின் விஷத்தை இதே மருந்தால் முறிக்க முடியவில்லை என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓரிடத்தில் பலித்தது எல்லா இடத்திலும் பலிக்கும் என்பதற்கு அதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை. மலைக்கு ஒரு மருந்து செய்தால் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. அப்படி யாரும் செய்ய வேண்டியதில்லை. குதிரைக்குச் செலுத்தும் விஷக் கலவையில் பல நிலப்பகுதிகளின் விஷத்தையும் சேர்த்தால் போதும். இருளர் பிழைப்பு கெடும் என்ற கவலையும் வீண். பிற மாவட்டங்களில் பாம்பு பிடிக்க அவர்களைவிடக் கைதேர்ந்தவர் யார்? வன உயிரினச் சட்ட அனுமதியை அரசு விரிவாக்கினால் அவர்களுக்கு வேலை கூடும்.

பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. கடித்த பாம்பு எது, எந்த ஊரில், எந்த உயரத்தில் என்பதும் அந்தப் பதிவில் கட்டாயமாக இடம்பெற வேண்டும். எந்த மலையின் விஷத்தை முதலில் சேகரிப்பது என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.