ஒபிஸில் வேலை செய்யுது, வீட்டில் ஏன் இல்லை? சேர்வர் மாறின பிறகு லீவுப் பதில்



இந்தக் கிழமை எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட ஒரு கேள்வியை இங்கே விரிவாய் எழுதுகிறோம். அனுப்பினவர் நொஷாட்டலில் இருக்கும் ஒரு நேயர். பேர்னில் உள்ள ஒரு கொம்பனிக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறார். கொம்பனி மெயில் சேர்வரைப் புதுசாக்கி ஒரு மாதத்துக்குள் தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்காக யாழ்ப்பாணம் போனார். போக முதல் லீவுப் பதில், அதாவது இங்கே எல்லாரும் 'மெசாஜ் தப்சான்ஸ்' எண்டு சொல்லுறது, போட்டுவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மூன்று மெயில். மூன்றாவது கோபமாய். அதுக்கு மேல செஃபின் ஒரு வரி: லீவு மெசேஜ்கூடப் போடாமல் போயிருக்கிறீர்கள். ஐடி ஆட்களைக் கேட்டால், எங்களுக்கு இங்கே சரியாய் வேலை செய்யுது எண்டு பதில்.

"நான் போட்டனான். அதை எப்படி நிரூபிக்கிறது?" இதுதான் அவருடைய கேள்வி.

இது அவருக்கு மட்டும் நடந்த கதை இல்லை. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிஞ்சுது. அதனால் நிறையக் கொம்பனிகள் ஒண்டில் புது எக்ஸ்சேஞ்சுக்கு, இல்லாட்டி மைக்ரோசொஃப்ட் 365 இற்கு மாறின. மாறின பிறகு மெயில் வருது, போகுது. லீவுப் பதில் மட்டும் மக்கர் பண்ணுது.

பதில் எழுதுறது ஆர்?

முதலில் இதை விளங்கிக்கொள்ளுங்கோ. லீவுப் பதிலை அனுப்புறது உங்கட லப்டொப் இல்லை, சேர்வர். அவுட்லுக்கில் நீங்கள் எழுதுறது சேர்வருக்குக் குடுக்கிற ஒரு கட்டளை மட்டும்தான். கட்டளை போய்ச் சேர்ந்திட்டால் லப்டொப்பை மூடி வைச்சிட்டு நீங்கள் பிளேன் ஏறலாம். போய்ச் சேராட்டி நீங்கள் எழுதினது ஒருத்தருக்கும் உதவாது.

அந்தக் கட்டளை போற பாதையும் மெயில் வந்து போற பாதையும் ஒண்டில்லை. விண்டோஸில் உள்ள பழைய அவுட்லுக், லீவுப் பதில் பக்கத்தைத் திறக்கேக்க 'ஓட்டோடிஸ்கவர்' எண்ட ஒரு வழிகாட்டியிடம், எங்கட சேர்வரின் விலாசம் என்ன எண்டு கேட்கும். ஒபிஸுக்குள்ள இருக்கிற கணினி அந்த விலாசத்தைக் கொம்பனியின் உள் பதிவேட்டில் இருந்து எடுக்கும். வீட்டில் இருக்கிற கணினிக்கு அந்தப் பதிவேடு தெரியாது. அது இணையத்தில் உள்ள டிஎன்எஸ் பதிவைத்தான் கேட்கும். சேர்வரை மாற்றினவை உள் பதிவேட்டைத் திருத்திப்போட்டு வெளி டிஎன்எஸ் பதிவைத் திருத்த மறந்தால் என்ன நடக்கும்? ஒபிஸில் இருக்கிறவைக்கு எல்லாம் சரி. வீட்டில் இருக்கிறவைக்கு, சேர்வர் இப்போது கிடைக்கவில்லை, பிறகு முயலவும் எண்டு ஒரு செய்தி. ஐடி ஆட்கள் பொய் சொல்லேல்லை. அவையள் பார்த்த கதவு வேற, நீங்கள் தட்டின கதவு வேற.

எங்கட நேயருக்கும் இந்தச் செய்திதான் வந்தது. பிளேனுக்கு நேரம் போகுதெண்டு அவர் ஒரு மாற்று வழி பார்த்தார். அவுட்லுக்கில் ஒரு விதி போட்டார்: மெயில் வந்தால் இந்த மாதிரிப் பதிலை அனுப்பு. அந்த வகை விதிக்குப் பக்கத்தில் 'இந்தக் கணினியில் மட்டும்' எண்ட கருத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அவுட்லுக் திறந்திருந்தால்தான் அது ஓடும். முந்தி ஒபிஸ் மேசையில் கணினி இரவு பகலாய் எரிஞ்சுகொண்டிருந்த காலத்தில் இது சமாளிச்சுது. வீட்டு லப்டொப்பை மூடினவுடன் விதியும் நித்திரை.

முதல் வேலை: வெப்மெயில்

ஆகவே எங்கட முதல் அறிவுரை ஒண்டுதான். அவுட்லுக்கில் பிரச்சினை எண்டால் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து, அங்கே லீவுப் பதிலைப் போடுங்கோ. அது ஓட்டோடிஸ்கவரைக் கேட்காமல் நேராய் உங்கட பெட்டிக்குள்ள எழுதும். அங்கே வேலை செய்தால் பெட்டி நல்லாய் இருக்கு, பாதைதான் பிழை எண்டு தெரிஞ்சிடும். ஐடி ஆட்களுக்குச் சொல்லவும் இது நல்ல ஆதாரம். இன்னொரு சோதனையும் உண்டு: கொன்ட்ரோல் விசையை அமத்திக்கொண்டு, திரையின் கீழ் மூலையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் உள்ள அவுட்லுக் அடையாளத்தில் வலது கிளிக் செய்தால், ஓட்டோடிஸ்கவர் சோதனை எண்டு ஒரு தெரிவு வரும். அது எந்த விலாசத்துக்குப் போய் முட்டுது எண்டு காட்டும். பழைய சேர்வரின் பெயர் வந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கோ.

போட்டாச்சு, ஆனால் போய்ச் சேரேல்லை

இது வேற வகைப் பிரச்சினை. நாலு காரணங்கள்தான் அதிகம்.

ஒண்டு, நீங்கள் சோதிக்கிற முறை. ஒரே ஆளுக்கு எக்ஸ்சேஞ்ச் ஒரு தரம்தான் பதில் அனுப்பும். உங்கட ஜிமெயிலில் இருந்து இரண்டாம் தரம் சோதிச்சால் ஒண்டும் வராது, அது பிழையும் இல்லை. 1980களில் எரிக் ஓல்மன் யுனிக்ஸுக்கு எழுதின 'வெக்கேஷன்' எண்ட நிரலும் இப்படித்தான், ஒரே ஆளுக்கு வழமையாய்க் கிழமைக்கு ஒரு பதில். இரண்டு பேரும் லீவில் இருந்தால் இரண்டு சேர்வரும் விடிய விடிய ஒண்டுக்கொண்டு பதில் எழுதும் எண்ட பயம்தான் காரணம். லீவுப் பதிலை ஒருக்கா நிறுத்தித் திரும்பப் போட்டால் கணக்கு முதலில் இருந்து தொடங்கும்.

இரண்டு, வெளியாட்களுக்கான பதில் தனி. உள்ளே வேலை செய்யிறவைக்கு ஒரு செய்தி, வெளியாட்களுக்கு இன்னொண்டு. இரண்டாவதை நிரப்பாமல் விடுறது, அல்லது 'என் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்' எண்டு விடுறது வழமையான பிழை. சேர்வரிலேயே வெளிப்பதிலைத் தடுக்கிற ஒரு அமைப்பும் இருக்கு. மாறேக்க அது அடைபட்டிருக்கலாம்.

மூன்று, திசைதிருப்பல். மாற்றத்துக்காகப் பழைய பெட்டியில் இருந்து புதுப் பெட்டிக்கு மெயிலைத் திருப்பிவிட்டு, பிரதி வைக்காமல் விட்டிருந்தால், பழைய பெட்டியில் போட்ட லீவுப் பதில் போகாது. மெயில் அந்தப் பெட்டிக்குள்ள வந்து விழுந்தால்தான் பதில் பிறக்கும்.

நாலு, ஸ்பாம். இதுதான் கண்ணுக்குத் தெரியாதது. லீவுப் பதிலின் வெளி உறையில் அனுப்பினவர் விலாசம் வேணுமெண்டே வெறுமையாய் விடப்படும், அது திரும்பிச் சுற்றாமல் இருக்க. ஆனால் எஸ்பிஎஃப் சோதனை பார்க்கிறது அந்த உறையைத்தான். அங்கே உங்கட கொம்பனியின் பெயர் இல்லாதபடியால், பதிலை நம்ப வைக்கப் பெரும்பாலும் டிகேஐஎம் கையொப்பம்தான் மிச்சம். புதுச் சேர்வரில் அதைப் போட மறந்தால், சாதாரண மெயில் ஒழுங்காய்ப் போகும், லீவுப் பதில் மட்டும் ஸ்பாமுக்குள்ள விழும்.

நேரத்தையும் பாருங்கோ

நொஷாட்டல்காரருக்கு நேரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1858 இல் தொடங்கின வானியல் ஆய்வுகூடம் மணிக்கூடு செய்யிற ஊர்களுக்குத் தந்தியில் சரியான நேரம் அனுப்பின இடம் இது. இருந்தும், சேர்வர் மாறின பிறகு பெட்டியின் நேர வலயம் வேறாய் விழுந்தால், மாலை 5 மணிக்குத் தொடங்க வேண்டிய பதில் நடுச்சாமத்தில் தொடங்கும். இலங்கைக்கும் சுவிசுக்கும் மாரியில் நாலரை மணித்தியாலம், கோடையில் மூன்றரை. அங்கே போய் இறங்கி அவசரத்தில் திகதி திருத்தினால் இன்னும் குழம்பும். வெப்மெயில் அமைப்பில் நேர வலயத்தை ஒருக்கா பாருங்கோ.

நேயரின் கேள்விக்குப் பதில்

நிரூபிக்கலாம். அவருடைய விதி இன்னும் அவுட்லுக்கில் இருக்கும், 'இந்தக் கணினியில் மட்டும்' எண்ட குறிப்போடு. அதைப் படம் எடுக்கச் சொன்னோம். சேர்வர் பக்கத்திலும் தடம் இருக்கும்: மைக்ரோசொஃப்ட் 365 எண்டால் 90 நாள் வரைக்கும் தேடலாம், சொந்த எக்ஸ்சேஞ்ச் எண்டால் வழமையாய் 30 நாள். ஆகவே தாமதிக்காமல் கேட்க வேணும். அவர் வீட்டில் இருந்தே ஓட்டோடிஸ்கவர் சோதனை செய்து படத்தை அனுப்பினார். பழைய சேர்வரின் பெயர் அப்படியே இருந்தது. ஐடி ஆட்கள் டிஎன்எஸ் பதிவைத் திருத்தினார்கள். செஃபும் வாடிக்கையாளருக்குத் தானே விளக்கம் எழுதினார்.

லீவுக்கு ஒரு கிழமை முதலே செய்யுங்கோ:

1. வெப்மெயிலில் லீவுப் பதிலைப் போடுங்கோ. உள், வெளி இரண்டையும் நிரப்புங்கோ.
2. லப்டொப்பை மூடுங்கோ. விபிஎன் இல்லாமல் ஃபோனில் இருந்து, முன்பு எழுதாத ஒரு வெளி விலாசத்தால் மெயில் போடுங்கோ.
3. பதில் வந்ததா, வந்தது இன்பொக்ஸுக்கா ஸ்பாமுக்கா எண்டு பாருங்கோ.
4. வந்த பதிலைப் படம் எடுத்து வைச்சிருங்கோ.
5. சோதனை முடிய நிறுத்திவிட்டு, போற அன்று திரும்பப் போடுங்கோ.

நாலாவதை மறக்க வேண்டாம். வீட்டில் இருந்து வேலை செய்யிறவை சொல்லுறதை ஒபிஸ் நம்புறதுக்குச் சில நேரம் ஒரு படம் தேவைப்படுது.

உங்கட கேள்விகளை அனுப்புங்கோ. அடுத்த கிழமை சந்திப்போம்.