கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குப் படியளப்பதும்

காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு தையற்கடை உண்டு. அதன் உரிமையாளர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து நிலைத்துவிட்ட பெரியவர். மழைக்காலத்தில் சாக்கடை பொங்கினால் அவருடைய கடைக்குள் கணுக்காலளவு நீர் நிற்கும். தீபாவளித் துணிகள் நனைந்த ஆண்டுகளும் உண்டு. அப்போதெல்லாம் அவர் என்னிடம் வந்து, "ஐயா, கன்னடத்தில் ஒரு மனு எழுதித் தாருங்கள்" என்பார். மொழிபெயர்ப்பே என் பிழைப்பு. அலுவலில் ஆங்கிலமும் இந்தியும். கன்னடம் தெருவில் கற்றது. தெருவில் கற்றதாயினும் சாக்கடையைப் பற்றி எழுதுவதற்கு அது போதும். சென்ற முறை அவர் வந்தபோது மனுவைக் கேட்கவில்லை. "மனு கிடக்கட்டும் ஐயா, இதை யார் கையில் கொடுப்பது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. நேயர்களில் பலர் பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள். நமக்கும் அரசுக்கும் இடையே நெருங்கிய வாசற்படி சட்டமன்ற உறுப்பினர் அல்லர், நம் வட்டத்துக் கவுன்சிலரே ஆவார். அவர் எவ்வாறு வருகிறார், எதைக் கொண்டு வாழ்கிறார் என்பதைச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒன்று கூறிவிட வேண்டும். நான் மைய அரசுப் பணியாளன். 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, உள்ளாட்சித் தேர்தலிலும் நான் எவருக்காகவும் வாக்குக் கேட்கலாகாது. வாக்களிக்கலாம், யாருக்கு அளித்தேன் என்று காட்டிக்கொள்ளலாகாது. ஆகவே கட்சிகளின் பெயரைக் கணக்குச் சொல்வதற்கு மட்டுமே எடுப்பேன்.

பெங்களூரின் நகராட்சி வரலாறு இரட்டை வரலாறு. 1860-களின் தொடக்கத்தில் பேட்டைப் பகுதிக்கு ஒரு நகராட்சியும், நம் முன்னோர் "தண்டு" என்று வழங்கிய கன்டோன்மென்ட் பகுதிக்கு மற்றொன்றும் அமைந்தன. 1881-இல் மைசூர் அரசு மன்னரிடம் திரும்பிச் சென்றபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் என்ற நீண்ட பெயருடன் 1947 ஜூலை வரை அது தனியே ஆளப்பட்டது. சென்னைப் படையுடனும் அதன் பின்னாலும் வந்த தமிழர்கள் அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வேரூன்றியது இந்தப் பகுதியில்தான். 1898-ஆம் ஆண்டுப் பிளேக்கு நோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்கப் புதுக் குடியிருப்புகள் வகுக்கப்பட்டன. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் போன்ற ஆங்கிலப் பெயர்கள் அந்த ஆட்சியின் நினைவுகளே.

1949-ஆம் ஆண்டுச் சட்டம் இரு நகராட்சிகளையும் ஒன்றாக்கி பெங்களூர் மாநகராட்சியை நிறுவியது. அன்று 50 வட்டங்களிலிருந்து 70 உறுப்பினர் வந்தனர். வட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கு அன்று இல்லை. 1996-இல் வட்டங்கள் 100. 2007-இல் சுற்றியிருந்த நகராட்சிகளும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களும் சேர்ந்து பெருநகர மாநகராட்சி உருவாயிற்று. 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் 198 வட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நகரில் 84 லட்சம் பேருக்கு மேல் இருந்தனர். ஆக, ஒரு கவுன்சிலருக்குச் சராசரி 42,000 பேருக்கு மேல். தமிழகத்தின் சிறு நகராட்சி ஒன்றுக்கு ஒப்பான மக்கள்தொகையை ஒரே மனிதர் தலையில் சுமத்திவிட்டு, அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லையே என்று குறைப்படுவது எளிது.

அந்த ஒரு மனிதரும் இல்லாத காலம் அதன்பின் வந்தது. 2015-இல் அமைந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10-இல் முடிந்தது. அதற்கப்பால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி, அரசு நியமித்த நிர்வாக அதிகாரியின் கீழ் நகரம் இயங்கியது. 1993 முதல் நடைமுறையிலுள்ள அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: நகராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு; அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும்; இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது.

பின் எப்படித் தள்ளிப்போயிற்று? தேர்தலை ரத்துச் செய்தார் எவருமில்லை. எல்லைக் கோட்டை மட்டும் மீண்டும் மீண்டும் அழித்து வரைந்தனர். 2020-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டங்களை 243 ஆக்கியது. பழைய 198 வட்டங்களுக்கே தேர்தல் நடத்துமாறு உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் பணித்தது; உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. 2023-இல் எண்ணிக்கை 225 ஆயிற்று. 2025-இல் புதிய சட்டம் வந்து, அவ்வாண்டு செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது: மையம், வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. ஐந்துக்கும் சேர்த்து 369 வட்டங்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் எவ்வட்டம் பெண்களுக்கு, எது பின்தங்கிய வகுப்பாருக்கு என்ற ஒதுக்கீடு மாறும்; ஆட்சேபம் எழும்; வழக்கு வரும்; நாட்கள் கழியும். இதற்கிடையில் 2025-26-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய்க்கு அதிகாரிகளாலேயே சமர்ப்பிக்கப்பட்டது. வீட்டு வரி செலுத்தியவர் சார்பில் கேள்வி எழுப்ப அவையில் ஒருவரும் இல்லை. எங்கள் தையற்காரருக்கு விடை கூற இயலாமல் நான் நின்றதன் காரணம் இதுதான்.

வட்டங்கள் 369 ஆனதில் ஒரு நன்மையை நான் காண்கிறேன். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படியே பார்த்தால் ஒரு வட்டத்துக்கு 23,000 பேருக்குச் சற்றுக் குறைவு. மக்கள் பெருகியிருப்பினும் பழைய சுமையினும் இது இலகுவே. பெண்களுக்குச் செம்பாதி இடம் என்ற ஏற்பாடு 2015-இலேயே இங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. அரசியலமைப்பு கேட்பதோ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒதுக்கீடு தேர்தலுக்குத் தேர்தல் வட்டம் மாறிச் சுழல்வதால், நன்கு உழைத்த உறுப்பினர் மறுமுறை தம் மக்கள் முன் நின்று தீர்ப்புப் பெறுவது அரிதாகிறது. இரண்டு தேர்தல்களுக்கு ஒரு முறை மட்டும் சுழற்றினால் என்ன என்று தோன்றுகிறது. சட்டம் வகுப்போர் சிந்திக்கட்டும்.

இனி மேயர். பெங்களூரில் நெடுங்காலம் மேயர் பதவி ஓராண்டுக்கே உரியது. எந்தக் கோப்பு எந்த மேசையில் உறங்குகிறது என்று அவர் அறிந்துகொள்வதற்குள் அடுத்தவருக்கு மாலை தயாராகிவிடும். 2020-ஆம் ஆண்டுச் சட்டம் இதை 30 மாதமாக நீட்டியது. புதிய சட்டமும் அவ்வாறே. தேர்ந்தெடுக்கும் முறையிலும் ஒரு விந்தை உண்டு. கவுன்சிலர்களுடன் நகரைச் சார்ந்த சட்டமன்ற, மேலவை, நாடாளுமன்ற உறுப்பினரும் மேயர் தேர்தலில் வாக்களிப்பர். 2015-இல் 198 இடங்களில் பாரதிய ஜனதாக் கட்சிக்கு 100, காங்கிரசுக்கு 76, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 14 கிடைத்தன. நூறு பேர் கைவசமிருந்தும் மேயர் பதவி அக்கட்சிக்குக் கிட்டவில்லை. மற்ற இரு கட்சிகளும் கூடி, மேல்மன்ற உறுப்பினர்களின் வாக்குகளுடன் அதனைப் பெற்றன. எக்கட்சி வென்றது, எது தோற்றது என்பதன்று நம் கவலை. வட்டத்தில் மக்கள் அளித்த வாக்கின் பயனை, வேறு பணிக்காக வேறு தேர்தலில் வந்தோர் மாற்றி அமைக்கலாகுமா என்பதே வினா. அவர்களும் மக்கள் பிரதிநிதிகளே என்று கூறுவாரும் உண்டு. எனக்கு அது முழுதும் உடன்பாடன்று.

மேயரை மக்களே நேரில் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று, இந்நகர ஆட்சியை ஆராய்ந்த கஸ்தூரிரங்கன் குழு 2008-இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. இவ்வகையில் நம் சென்னை நல்ல பாடம் தரும். 1688-இல் ஒரு மேயரும் 12 ஆல்டர்மென்களுமாகத் தொடங்கிய தொன்மையான மாநகராட்சி அது. அங்கும் 1973-இல் கலைக்கப்பட்ட மன்றம் 1996 வரை மீளவில்லை. 2016-இல் முடிந்த மன்றத்துக்கு அடுத்தது 2022-இல்தான் வந்தது. ஆகவே பெங்களூரை மட்டும் நொந்து பயனில்லை. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் சென்னை மேயரை மக்கள் நேரில் தேர்ந்தெடுத்தனர். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தனர். இரு முறைக்கும் நியாயம் சொல்லலாம். நேரில் வருபவருக்கு மன்றத்தில் பெரும்பான்மை இல்லையென்றால் இழுபறி. மறைமுகமாக வருபவர் தம் கட்சிக்காரரின் முகத்தையே பார்த்திருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றிக்கொண்டேயிருப்பதற்குத்தான் நியாயம் கூற இயலாது. ஐந்து மாநகராட்சிகளுக்கும் மேலாகப் பெங்களூரில் அமைந்த பேராணையத்துக்கு முதலமைச்சரே தலைவர். நேரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் ஒருவர் அதன் கூட்டத்தில் அமர்ந்தால், அவர் குரலின் கனமே வேறாயிருக்கும்.

அடுத்தது ஊதியம். இதைப் பேசவே பலர் கூசுகின்றனர். "தொண்டு செய்ய வந்தவருக்குச் சம்பளம் எதற்கு?" என்பது நம்மிடையே மதிப்புடைய வாதம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை, குடவோலை முறையையும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரலாகாது என்ற கட்டுப்பாட்டையும் கூறுகின்றன. இன்றும் வேண்டப்படும் கட்டுப்பாடு அது. அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவன் பெயரையே குடத்தில் இடவேண்டும் என்கிறது. நிலமற்றவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லை. இன்று அத்தகைய விதி எதுவும் எழுத்தில் இல்லை. எனினும் கவுன்சிலருக்கு அளிக்கும் தொகை வீட்டு வாடகைக்கும் காணாதெனில், காலை ஆறு மணிக்குத் துப்புரவு வண்டியைப் பார்க்கவும், பகலில் அலுவலகப் படியேறவும், இரவில் வீட்டு வாசலில் வந்து நிற்போருக்கு விடை கூறவும் யாரால் முடியும்? வேறு வருவாய் உடையவரால் முடியும். அல்லது பதவியையே வருவாயாக்கிக்கொள்ளத் துணிந்தவரால் முடியும். ஆசிரியையோ தையற்காரரோ மின்பணியாளரோ நிற்க இயலாது. கால் வேலி நிலம் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது.

இங்கிலாந்தில் 1838-இல் சாசன இயக்கத்தார் எழுப்பிய ஆறு கோரிக்கைகளுள் ஒன்று, மக்கள் மன்ற உறுப்பினருக்கு ஊதியம் வேண்டும் என்பது. தொழிலாளி மன்றத்துக்குள் செல்ல அதுவே வழி என்று அவர்கள் கண்டனர். 1911-இல்தான் அது கைகூடியது: ஆண்டுக்கு 400 பவுன். தமிழ்நாட்டில் மாநகராட்சி உறுப்பினர்கள் கூட்டப்படி மட்டும் பெற்றுவந்த நிலை மாறி, 2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, உறுப்பினருக்கு 10,000 ரூபாய் என மதிப்பூதியம் வகுக்கப்பட்டது. பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. பத்தாயிரம் ரூபாயில் சென்னையில் ஒரு குடும்பம் நடக்குமா என்று கேட்டால், நடக்காது. ஆயினும் "இது ஒரு வேலை" என்று அரசு ஒப்புக்கொண்டது என்ற அளவில் அது முன்னேற்றம்.

கூடுதலாகக் கொடுத்தால் மட்டும் கை தூய்மையாகிவிடுமா என்பார்க்கு, ஆகாது என்றே நானும் கூறுவேன். ஆகவே கொடுப்பதோடு சில நிபந்தனைகளையும் சேர்ப்பது நலம். கூட்டத்துக்கு வராத மாதம் படி குறைய வேண்டும். வட்டத்தில் நடந்த வேலை, ஒப்பந்தக்காரர் பெயர், தொகை மூன்றும் தமிழோ உருதுவோ, அவ்வட்டத்து மக்கள் படிக்கும் மொழியிலும் கன்னடத்துடன் சேர்த்து எழுதி மாட்டப்பட வேண்டும். தம் படியைத் தாமே உயர்த்திக்கொள்ளும் அதிகாரம் மன்றத்துக்குக் கூடாது. உயர்த்தினாலும் அது அடுத்த மன்றத்துக்கே பொருந்த வேண்டும்.

இத்தனையும் நான் தையற்காரரிடம் ஒரு மாலைப்பொழுதில் விளக்கினேன். பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டவர் நிமிர்ந்து, "எனக்கு இங்கே ஓட்டே இல்லை ஐயா. ஊரில்தான் இருக்கிறது" என்றார். எனக்குத் திகைப்பாயிருந்தது. நாற்பது ஆண்டு இங்கே வரி செலுத்தி வாழ்ந்தவர்! பிறகு எண்ணிப் பார்த்தால் திகைக்க ஒன்றுமில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம். மாநகராட்சி வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே அமைகிறது. ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் அவர் பெயர் இருக்கலாம். இரண்டு இடத்தில் இருத்தல் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி கூடாது. பொய்யுறுதி அளிப்பது தண்டனைக்குரியது. இடம் மாறியவர் எட்டாம் எண் படிவத்தையும், முதன்முறையாகச் சேர்பவர் ஆறாம் எண் படிவத்தையும் நிரப்பித் தரவேண்டும். தாய்மொழி எது, பிறந்த மாநிலம் எது என்ற வினா அங்கே இல்லை.

படிவத்தை எடுத்துச் சென்று அவர் முன் வைத்தேன். நெடுநேரம் அதைப் பார்த்திருந்தார். "ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமே ஐயா. அப்பா பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது," என்றார். அதற்கு நான் மறுமொழி ஏதும் கூறவில்லை. மறுநாள் காலை கடை திறக்குமுன் அவரே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஆதார் அட்டையும், கடைக்கு வந்த மின்கட்டணச் சீட்டும் இருந்தன. வீட்டுக் கதவிலக்கத்தை மட்டும் நான் எழுதினேன். மற்றவற்றை அவரே தம் கையால் எழுதினார்.