நான்கு துண்டு வரைபடமும் ஓர் அட்டைச் சக்கரமும்

புதையல் வரைபடத்தில் ஒரு துண்டு மட்டும் கையில் இருந்தால் புதையல் கிடைக்குமா? கிடைக்காது. மீதித் துண்டுகள் யாரிடம் இருக்கின்றன என்று தேடிப் போக வேண்டும். 1991-ல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மங்கி ஐலேண்ட் 2' என்ற கம்ப்யூட்டர் கேம், பெரும்பாலும் இந்தத் தேடலைச் சுற்றியே ஓடுகிறது. கேம் பக்கமே போகாதவர்களும் இதைப் படிக்கலாம். வீட்டு அலமாரியில் பழைய ஃப்ளாப்பியோ சிடியோ வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள்.

கொள்ளையர் கூட்டத்தின் சொத்து

கதைப்படி 'பிக் வூப்' என்பது கரீபியன் கடலில் எல்லோரும் பேசும் ஒரு பெரும் புதையல். அதைக் கண்டுபிடித்தது கேப்டன் மார்லியின் கப்பல் கூட்டம். வரைபடத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். கதாநாயகன் கைப்ரஷ் த்ரீப்வுட் தேடி வரும்போது காலம் கடந்துவிட்டது. கேப்டனின் துண்டு அவருடைய பேத்தி வீட்டில் இருக்கிறது. கப்பலில் எடுபிடியாக இருந்த பையனின் துண்டு பழம்பொருள் கடைக்குப் போய்விட்டது. கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்தவரின் துண்டு ஒரு வீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

நான்காவது ஆள் சமையல்காரர். அவர் இறந்தே போய்விட்டார்! மந்திரப் பொடி தூவி எழுப்பினால், அவருக்குப் புதையல் நினைவே இல்லை. கடையில் கேஸை மூடினோமா இல்லையா என்பதுதான் அவர் கவலை. நாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் துண்டைக் கொடுப்பார்.

கோழியும் கழுத்து மாலையும்

இதற்கு முந்தைய கேம் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட்' 1990-ல் வந்தது. உருவாக்கியவர்கள் ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன். அதில் வரும் பொருட்களும் சுவையானவை. பேய்க் கொள்ளையர் கண்ணுக்கு நம்மைத் தெரியாமல் செய்யும் கழுத்து மாலை ஒன்று உண்டு. நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழியும் உண்டு. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கோழியைக் கம்பியில் மாட்டித்தான் பக்கத்துத் தீவுக்குச் சறுக்கிப் போக முடியும்.

அந்தக் காலத்து சாகச கேம்கள் பலவற்றில் ஒரு பொருளை எடுக்க மறந்துவிட்டால், பல மணி நேரம் கழித்துத்தான் வழி அடைபட்டது தெரியும். மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். இது அநியாயம் என்று ரான் கில்பர்ட் 1989-ல் கட்டுரையே எழுதினார். அதனால் இந்த கேமில் தேவையான பொருள் நிரந்தரமாகக் கைவிட்டுப் போகாது. ஓரிடத்தில் கதாநாயகனைச் சிலையோடு கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். சுற்றிலும் கத்திகள் கிடக்கும், எதுவும் கைக்கு எட்டாது. சிலையையே தூக்கிக்கொண்டு நடந்து வந்துவிடலாம்! அதற்கு முழுதாகப் பத்து நிமிடம் அவகாசம் தருகிறார்கள்.

பெட்டிக்குள் இருந்த சக்கரம்

கேமுக்கு உள்ளே இவ்வளவு கவனம். வெளியே நிலைமை வேறு. கேம் பெட்டியில் ஃப்ளாப்பிகளோடு 'டயல்-எ-பைரேட்' என்ற அட்டைச் சக்கரம் ஒன்று இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டங்கள். கேம் தொடங்கும்போது திரையில் ஒரு கொள்ளையன் முகம் வரும். வட்டங்களைத் திருப்பி அதே முகத்தைப் பொருத்தி, கேட்கப்படும் ஊருக்கு நேரே தெரியும் ஆண்டை டைப் செய்ய வேண்டும். ஃப்ளாப்பியை மட்டும் காப்பி செய்தவர்கள் விளையாட முடியாது. கொள்ளையர் கேமுக்குக் கொள்ளையரிடமிருந்து பாதுகாப்பு! இரண்டாவது கேமில் இதே வேலையை 'மிக்ஸ்-என்-மோஜோ' என்ற சக்கரம் செய்தது.

காசு கொடுத்து வாங்கியவர் சக்கரத்தைத் தொலைத்துவிட்டால்? அவரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அந்த கேமே நான்கு துண்டு வரைபடம் போலத்தான். ஃப்ளாப்பி, அதைப் படிக்கும் டிரைவ், அட்டைச் சக்கரம், கேமை இயக்கும் பழைய டாஸ் கம்ப்யூட்டர். இதில் ஒன்று போனாலும் மற்ற மூன்றால் பயனில்லை.

கேமைக் காப்பாற்றியது எது?

1987-ல் 'மேனியாக் மேன்ஷன்' கேமுக்காக 'ஸ்கம்' என்ற மென்பொருளை ரான் கில்பர்ட் குழுவினர் எழுதினார்கள். கதை, வசனம், படங்கள் எல்லாம் தனி ஃபைல்கள். அவற்றைப் படித்து ஓட்டும் எஞ்சின் தனி. கேசட் வேறு, டேப் ரெக்கார்டர் வேறு என்பதைப் போல. 2001-ல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ், வின்சென்ட் ஹாம் ஆகியோர் புதிய டேப் ரெக்கார்டரைச் செய்தார்கள். அதுதான் 'ஸ்கம்விஎம்'. இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். உங்களிடம் கேமின் ஃபைல்கள் இருந்தால் போதும். சக்கரத்தையும் கேட்காது.

கேம் இல்லாதவர்கள் ஸ்கம்விஎம் தளத்திலேயே 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' கேமை இலவசமாக டவுன்லோட் செய்து பார்க்கலாம். மங்கி ஐலேண்ட் முதல் பாகத்தின் 'ஸ்பெஷல் எடிஷன்' 2009-ல் வெளியானது. அதில் எஃப்10 கீயை அழுத்தினால் பழைய படங்களுக்கு மாறலாம்.

என் வீட்டுப் புதையல்

மென்பொருள் எழுதுவது என் தொழில். இருந்தும் இந்தப் பாடம் எனக்கு வீட்டில்தான் உறைத்தது. ஆச்சி சொல்லச் சொல்ல, கை மருந்துக் குறிப்புகளை அப்பா 2003-ல் கம்ப்யூட்டரில் டைப் செய்து ஒரு சிடியில் வைத்திருந்தார். ஆச்சி இப்போது இல்லை. சென்ற ஆண்டு அந்தச் சிடியைத் தேடி எடுத்தேன். ஃபைல் நல்லபடியாகத் திறந்தது. ஆனால் உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி.

குறிப்புகள் அழியவில்லை. தொலைந்தது சக்கரம். அதாவது, எழுத்துரு. யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையில் இருந்தன. வேர்டில் எழுத்துருப் பெட்டியைப் பார்த்தேன், 'பாமினி' என்று பெயர் இருந்தது. பிறகு வேலை சுலபம். பாமினியை யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டதும் ஆச்சியின் சுக்குக் கஷாயம் திரையில் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். அளவுகளை மட்டும் இரண்டு முறை படித்தார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பழைய சிடி, ஃப்ளாப்பிகளை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். இன்னொரு காப்பி வேறு இடத்தில் இருக்கட்டும்.

2. பழைய தமிழ் ஃபைல்களை யூனிகோடாக மாற்றுங்கள். மூல ஃபைலையும் எழுத்துருவையும் அழிக்காமல் அதே ஃபோல்டரில் வையுங்கள்.

3. எந்த மென்பொருளில், எந்த ஆண்டு, யார் செய்தது என்று ஒரு சிறு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள்.

4. பாஸ்வேர்டு போட்ட ஃபைல் என்றால், அது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேமில் சமையல்காரரை எழுப்பிக் கேட்க மந்திரப் பொடி இருக்கிறது. நமக்கு அது கிடையாது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.