ஒரே இஸ்கான், இரண்டு சொசைட்டி: உலகம் சுற்றிய பக்தி இயக்கம் கோர்ட்டுக்கு வந்தது எப்படி?

ஐரோலியில் வேலை முடிந்து தானே–பன்வெல் லோக்கல் பிடித்தால், வண்டி மாறாமலே கார்கர் போய்விடலாம். அங்கே சுமார் 9 ஏக்கரில் நிற்கிறது இஸ்கானின் ராதா மதன்மோகன் கோயில். 2025 ஜனவரி 15 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். நான்கே மாதத்தில், மே 16 அன்று, உச்ச நீதிமன்றத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது: பெங்களூரு ஹரே கிருஷ்ணா மலைக் கோயில் இஸ்கான் மும்பைக்குச் சொந்தமில்லை, இஸ்கான் பெங்களூருக்குத்தான் சொந்தம்.

ரெண்டும் இஸ்கான்தானே, அப்புறம் எதுக்கு கேஸ்? இதற்குப் பதில் தேடினால், இந்த இயக்கம் உலகம் முழுக்கப் பரவிய கதையே வெளியே வரும்.

மும்பையில் கிடைத்த டிக்கெட்

நிறுவனர் பிரபுபாதா, கல்கத்தாவில் பிறந்த அபய் சரண் டே. மருந்து வியாபாரம் பார்த்தவர். 1953-ல் ஜான்சியில் ஒரு பக்தர் சங்கம் ஆரம்பித்தார், அது எடுபடவில்லை. 1965-ல் சிந்தியா கப்பல் கம்பெனியின் தலைவர் சுமதி மொரார்ஜியை பம்பாயில் சந்தித்து அமெரிக்காவுக்கு டிக்கெட் கேட்டார். சரக்குக் கப்பல் ஜலதூதாவில் இலவசமாக இடம் கிடைத்தது. ஆகஸ்ட் 13 அன்று கிளம்பினார். வயது கிட்டத்தட்ட 69.

அடுத்த ஜூலையிலேயே நியூயார்க்கில் இஸ்கானைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார். அப்போது கூட இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் பெயரிலேயே 'சர்வதேச' என்று போட்டாச்சு. 1977 நவம்பர் 14 அன்று அவர் மறைந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருந்ததாக இயக்கம் சொல்கிறது.

ஒருவரை நம்பாமல் ஒரு குழுவை நம்பினார்

அவருக்கு ஒரு பழைய பயம் இருந்தது. அவருடைய குரு பக்திசித்தாந்த சரஸ்வதி 1937 ஜனவரி 1 அன்று மறைந்தார். சீடர்கள் கூட்டாக நிர்வகிக்க வேண்டும் என்பது குருவின் விருப்பம். நடந்தது வேறு. கௌடிய மடம் உடைந்தது, சொத்துச் சண்டை கோர்ட் வரை போனது. அதையெல்லாம் பார்த்தவர் பிரபுபாதா.

அதனால் தான் உயிரோடு இருக்கும்போதே, 1970 ஜூலையில், 12 சீடர்களைக் கொண்ட ஆளுகைக் குழுவை அமைத்தார். ஆளுக்கு ஒரு மண்டலம். ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் தனித் தலைவர், தனிக் கணக்கு, பெரும்பாலும் தனிச் சட்டப் பதிவு. வழிபாட்டு முறையும் புத்தகங்களும் பெயரும் மட்டும் பொது. ஃப்ரான்சைஸ் மாதிரின்னு சொல்லலாம், ஆனால் முழுசா பொருந்தாது. இங்கே ஒப்பந்தத்தைவிட ஒத்துழைப்பைத்தான் அதிகம் நம்பினார்கள்.

பண விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1972-ல் புத்தகங்களுக்கென்றே தனி டிரஸ்ட் அமைந்தது. வருமானத்தில் பாதி மறுபதிப்புக்கு, மீதி பாதி கோயில் கட்ட. அமெரிக்க இளைஞர்கள் தெருவிலும் விமான நிலையத்திலும் விற்ற புத்தகங்களின் பணம் இந்தியக் கோயில்களுக்கு வந்தது. 1978 ஜனவரியில் ஜுஹு கோயில் திறந்தது. பக்தி கிழக்கிலிருந்து போச்சு, டாலர் மேற்கிலிருந்து வந்துச்சு.

மாட்டுங்காவில் தமிழர்கள் நடத்தும் பஜனைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஊர் விட்டு வந்தவர்கள் தங்கள் வழிபாட்டையும் கூடவே கொண்டு வந்தார்கள். இஸ்கான் கொண்டு போனது அந்த மரபில் பிறக்காதவர்களிடம். அதற்கு பக்தியோடு மேனேஜ்மென்ட்டும் தேவைப்பட்டது.

ஒத்துழைப்பு எங்கே உடைந்தது?

நிறுவனர் மறைந்ததும் 11 சீடர்கள் குருக்களாகி உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் மண்டலத்தில் அவர்தான் எல்லாம். தட்டிக் கேட்க வேண்டிய ஆளுகைக் குழுவிலும் அவர்களே உட்கார்ந்திருந்தால் யார் கேட்பது? சிலர் விலகினார்கள், சிலர் நீக்கப்பட்டார்கள். 1987-ல் அந்த முறை கைவிடப்பட்டது.

அதைவிட மோசமானது, இயக்கத்தின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் 1970, 80-களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமை. 1998-ல் இஸ்கானின் சொந்த ஆய்விதழே இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. 2000-ல் டல்லாஸில் முன்னாள் மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். சில கோயில்கள் திவால் பாதுகாப்பு கோரின. 2005-ல் 95 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் தீர்வு வந்தது. தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் அதிகாரம், இயக்கம் வேகமாகப் பரவ உதவியது. பொறுப்பு யாருடையது என்று கேட்டபோது அதே அமைப்பு பதிலைச் சிக்கலாக்கியது.

சரி, பெங்களூரு கேஸ் என்ன?

மும்பை சொசைட்டி 1971-ல் பதிவானது. பெங்களூரு எங்கள் கிளைதான் என்பது அதன் வாதம். பெங்களூரு தரப்போ, 1978-ல் கர்நாடகச் சட்டப்படி பதிவான தனி அமைப்பு நாங்கள் என்றது. இதற்கு அடியில் ஒரு கொள்கைச் சண்டையும் உண்டு. பிரபுபாதாவே என்றும் தீட்சை தரும் ஒரே குரு, மற்றவர்கள் அவர் சார்பில் சடங்கு செய்பவர்கள் மட்டுமே என்று பெங்களூரு தரப்பு நம்புகிறது. அதற்கு ஆதாரமாக 1977 ஜூலை 9 தேதியிட்ட கடிதத்தைக் காட்டுகிறது. ஆளுகைக் குழு இதை ஏற்கவில்லை.

2001-ல் பெங்களூரு தரப்பு வழக்குத் தொடர்ந்தது. 2009-ல் கீழ் நீதிமன்றத்தில் அதற்கு வெற்றி, 2011-ல் உயர் நீதிமன்றத்தில் மும்பைக்கு வெற்றி, 2025-ல் மறுபடி பெங்களூருக்கு. மும்பை தரப்பு சீராய்வு மனு போட்டது. சும்மா பெயருக்காக நடந்த சண்டை இல்லை இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் அட்சய பாத்திரம், 2000-ல் 1,500 குழந்தைகளோடு பெங்களூரு குழுவிடமிருந்துதான் தொடங்கியது. பெரிய நன்கொடைகளும், அதைவிடப் பெரிய பெயரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

சென்னையிலும் இரண்டு தரப்புக்கும் கோயில்கள் இருக்கின்றன. மந்திரம் ஒன்றே, நிறுவனர் படமும் ஒன்றே. வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். க்யூஆர் ஸ்கேன் பண்ணி காணிக்கை போடுபவர்கள் ரசீதில் எந்தச் சொசைட்டி அல்லது டிரஸ்ட்டின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 80ஜி வரிச்சலுகைக்கும் அந்தப் பெயர்தான் கணக்கு.